விரலை எடுக்காதே

ஹாலில் ஏதோ ஒரு சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல மேலே போய், உச்சியில் ஒரு கணம் தயங்கி, சரிந்து, அடியைத் தொடுவதற்குள் மறுபடியும் கிளம்பியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தால், பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்திருந்த தங்கை மகள் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பெட்டி. ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக். 25 கட்டை, அதுவும் அழுத்தினால் இறங்குகிற கட்டை இல்லை, தொட்டாலே பேசுகிற தட்டையான பட்டைகள்.

"மாமா, இதுல லூப் போட்டுட்டா நான் ஒண்ணுமே பண்ண வேணாம். அதுவே வாசிக்குது பாருங்க."

"என்வலப் லூப்பா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆர்மோனியம் என்ற எண்ணம் போலிருக்கிறது. குற்றம் சொல்ல முடியாது. நான் கீபோர்டு வாசித்துப் பிழைத்த காலத்தில் அவள் பிறக்கவில்லை. அந்தக் கீபோர்டு இப்போது என் அறையில் பழைய போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது; அதன் மேல் வருஷக்கணக்காக இஸ்திரித் துணி வைக்கிறார்கள்.

அது ஒரு யமஹா எஸ்.ஒய். 77. 1989-இல் வந்த மாடல். எனக்கு அது அண்ணனிடமிருந்து வந்தது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கோடம்பாக்கத்தில் அவர் ஃபர்ஸ்ட் கீபோர்டு, நான் செகண்ட். அவர் முக்கியமான இடங்களை வாசிப்பார். நான் பின்னால் 'பேட்' பிடித்துக்கொண்டிருப்பேன். பேட் பிடிப்பது என்றால், வயலின்காரர்கள் இருபது பேர் சேர்ந்து இழுப்பதுபோல ஒரு மெத்தையைப் பாட்டுக்கு அடியில் விரிப்பது. கார்டை அழுத்திவிட்டு, கண்டக்டர் கை காட்டும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் தும்மல் வரக்கூடாது.

ஒன்பது மணி கால்ஷீட் என்றால் எட்டரைக்கே ஆட்டோவில் போய் இறங்குவோம். கீபோர்டு பெட்ஷீட்டில் சுற்றி மடியில் கிடக்கும். கேஸ் வாங்கக் காசு இருக்காது. காசு இருந்தவர்களும் சிங்கப்பூரிலிருந்து யாராவது வரட்டும் என்று காத்திருப்பார்கள். சாயங்காலம் மியூசிக் மேனேஜர் பெயர் வாசித்துக் கூப்பிட, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு, கவரில் காசு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அண்ணன் கவரைப் பிரிக்காமல் அப்படியே சட்டைப்பையில் செருகுவார். எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. வீட்டில் அண்ணி எண்ணுவார்.

அந்த நாளில் சத்தங்களை ஒளித்து வைப்பது வழக்கமாக இருந்தது. ஒருவர் கருவியின் எண்களை மாற்றி மாற்றி ஒரு நல்ல சத்தம், அதாவது 'பேட்ச்', செய்துவிட்டால் அதற்குச் சம்பந்தமே இல்லாத பெயர் வைப்பார். புல்லாங்குழல் போன்ற ஒரு சத்தம் 'பிராஸ் 4' என்ற பெயரில் பதுங்கியிருக்கும். ஃபிளாப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போனாலும் கூடவே போகும். இப்போது பிள்ளைகள் தாங்கள் செய்த பேட்ச்சை உலகத்துக்கே சும்மா கொடுக்கிறார்கள். எது சரி என்று கேட்டால் இன்றைய வழக்கம்தான் சரி. ஆனால் அன்றைக்கு இருபது நிமிஷம் தேடி, 'பிராஸ் 4'-க்குள் புல்லாங்குழலைக் கண்டுபிடித்த சந்தோஷம் தனி.

அண்ணன் ஃபிளாப்பியை நம்பமாட்டார். சென்னை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கும் என்பார், பிடிக்கவும் செய்தது. எல்லா எண்களையும் ஒரு டைரியில் எழுதி வைத்தார். ஒரு வங்கி கொடுத்த பழைய வருஷத்து டைரி. கருவிக்குள் சத்தத்தைச் செய்கிற ஆறு பகுதிகளுக்கு ஆபரேட்டர் என்று பெயர். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆபரேட்டர், ஆறு பக்கத்தில் ஒரு சத்தம். அந்த டைரியும் கீபோர்டோடு எனக்கு வந்துசேர்ந்தது.

அவரிடம்தான் என்வலப் கற்றேன். வீணைக் கம்பியை மீட்டினால் சத்தம் சட்டென்று எழும்பி, அப்புறம் தேய்ந்துகொண்டே போகிறது. நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கிறவரை நிற்கிறது, மூச்சை எடுத்தால் அறுந்துவிடுகிறது. ஒரு சுரம் இப்படி எழும்பி, நின்று, அடங்குகிற போக்கை வரைந்து காட்டினால் அதுதான் என்வலப். சின்தசைஸரில் அதை நான்கு கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். இந்த நான்குக்கும் வெகுநாள் வயது கிடையாது. 1964-இல் ராபர்ட் மூக் தன் முதல் கருவியைச் செய்துகொண்டிருந்தபோது, கூட இருந்த இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச், சுரம் சும்மா ஊதிக்கொண்டே இருக்கிறது, அதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும் என்றார். கடையில் வாங்கிய ஓர் அழைப்புமணிப் பொத்தானை வைத்துத்தான் முதல் சோதனை நடந்தது. அடுத்த வருஷம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த விளாடிமிர் உசாசெவ்ஸ்கி இந்த நான்கு கட்டத்தையும் வரையறுத்துக் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான கம்பெனிகள் அந்த நான்கைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகின்றன.

இதில் அண்ணனுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. சஸ்டெயின்மேல்தான். "மீதி மூணும் நகருது. இது மட்டும் செத்த பாம்பு மாதிரி கிடக்கு பாரு. வீணைக்காரர் கம்பியை மீட்டிட்டுக் கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பாரா? இழுப்பார், வளைப்பார், அசைப்பார். நம்ம காது அதுலயே வளந்தது. ஒரு சுரம் நகராம நின்னா நமக்குப் பசிக்கும்டா."

அதனால் அவர் வாசிக்கும்போது இடது கை ஒருநாளும் சும்மா இருக்காது. ஒரு வீலையோ ஸ்லைடரையோ நகர்த்திக்கொண்டே இருப்பார். எனக்கு இரண்டு கையிலும் கார்டு. என் பேட் செத்துக் கிடந்தது.

எஸ்.ஒய். 77 வந்தபோது, அதன் புத்தகத்தை அவர் பாராயணம் செய்வதுபோலப் படித்தார். அதற்கு முன்னால் எல்லோரும் டி.எக்ஸ். 7 வைத்திருந்தோம். அது 1983-இல் வந்தது. அதில் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் நான்கு வேகம், நான்கு அளவு. எல்லாம் 0 முதல் 99 வரை. கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்றாவது அளவில் போய் நின்றுவிடும். விரலை எடுத்தால்தான் நான்காவது. எஸ்.ஒய். 77-இல் கூடுதலாக ஓர் எண் இருந்தது. கட்டங்கள் நான்கும் முடிந்த பிறகு, விரல் இன்னும் கட்டையிலேயே இருந்தால், எந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அதில் சொல்லலாம். இரண்டு என்று கொடுத்தால் இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி இரண்டு, மூன்று, நான்கு. விரலை எடுக்கிறவரை ஓடும். புத்தகத்தில் அதற்கு ஒதுக்கியிருந்தது கொஞ்சம் இடம்தான். அண்ணன் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்.

இந்தக் கருவிகள் இரண்டும் சத்தம் செய்வது எஃப்.எம். என்ற முறையில். அதில் ஒரு ஆபரேட்டர் சத்தம் போடும், இன்னொன்று அந்தச் சத்தத்தைக் கலைக்கும். முன்னது கேரியர், பின்னது மாடுலேட்டர். கேரியரின் என்வலப்பில் லூப் வைத்தால் சத்தம் கூடிக் குறையும், அவ்வளவுதான். மாடுலேட்டரில் வைத்தால் கதையே வேறு. சத்தத்தின் அளவு மாறாது, அதன் குரல் மாறும். மழுங்கலாக இருந்தது கூர்மையாகி, தகரமாகி, மறுபடி மழுங்கும். வாயைத் திறந்து 'ஆ' சொல்லிக்கொண்டே மெல்ல 'ஊ'வுக்குக் குவித்து மறுபடி திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. ஆறு ஆபரேட்டர் இருப்பதால் ஆறு லூப் வைக்கலாம், ஆறும் வேறு வேறு நீளத்தில்.

நீளம் என்று சொல்லிவிட்டேன், அங்கேதான் தலைவலி. இந்தக் கருவிகளில் நேரத்தைக் கொடுக்க முடியாது, வேகத்தைத்தான் கொடுக்க முடியும். ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்றுதான் அது கேட்கும். அளவைக் கொஞ்சம் உயர்த்தினால் போக வேண்டிய தூரம் கூடிவிடும், லூப் நீண்டுவிடும். சத்தம் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஓர் எண்ணைத் தொட்டால், தாளம் கெட்டுப்போகும். தாளத்தைச் சரிசெய்தால் குரல் கெடும். அண்ணன் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, பொத்தானைத் தட்டித் தட்டிச் சரிசெய்வார். பார்க்கிறவர்கள் ஜபம் என்று நினைப்பார்கள்.

அந்த லூப் வேலைக்கு வந்தது ஒரு ரீ-ரெக்கார்டிங்கில். கிராமத்துப் படம். மழை விட்ட ராத்திரி. திண்ணையில் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வசனம் கிடையாது. வயலின் வைத்தால் அழுகையாகிவிடும், வேண்டாம் என்றார் மியூசிக் டைரக்டர். எஃபெக்ட்ஸ் டேப்பில் தவளைச் சத்தம் போட்டுப் பார்த்தார்கள். நிஜத் தவளைதான். ஆனால் அதற்குப் பின்னால் வரவேண்டிய புல்லாங்குழலோடு அது சேரவில்லை. தவளைக்குச் சுருதி தெரியாதே. மியூசிக் டைரக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஒரு டீ டைம் குடுங்க சார்."

எல்லோரும் வெளியே போனார்கள். நான் மட்டும் கூட இருந்தேன். அண்ணன் பழைய பேட்ச் ஒன்றை எடுத்து, இரண்டு ஆபரேட்டரைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்தார். இரண்டுக்கும் முழு எண் விகிதம் வைத்தார். விகிதம் கோணலானால் சத்தம் தகரமாகிச் சுருதி போய்விடும். முழு எண்ணில் சுருதி நிற்கும். மாடுலேட்டரில் வேகமான, குட்டையான ஒரு லூப். கரகரவென்று தொண்டை வந்துவிட்டது. கேரியரில் நீளமான லூப்: சட்டென்று எழும்பி, விழுந்து, அடிமட்டத்தில் மெதுவாக ஊர்கிற ஒரு கட்டம், மறுபடி எழும்பல். அந்த ஊர்கிற கட்டம்தான் தவளை மூச்சு வாங்குகிற இடைவெளி. அதைச் சரியாக வைப்பதில்தான் பாதி நேரம் போனது. இடைவெளி குறைந்தால் தவளை தையல் மெஷினாகிவிடுகிறது.

"கார்டைப் பிடி. ஈ மைனர். அஞ்சு விரலும் ஒண்ணா விழக்கூடாது. கொஞ்சம் முன்ன பின்ன விழணும். புடிச்சப்புறம் விரலை எடுக்காதே."

பிடித்தேன். ஐந்து தவளைகள் எழுந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் தனியாக ஒரு என்வலப் ஓடுவதால், ஒவ்வொன்றும் நான் தொட்ட நொடியிலிருந்து தன் கணக்கைத் தொடங்கியது. போதாக்குறைக்கு, மேல் சுரங்கள் வேகமாக ஓடட்டும் என்று ரேட் ஸ்கேலிங்கும் வைத்திருந்தார். கீழே பெரிய தவளை நிதானமாக இடித்தது. மேலே குட்டிகள் அவசரப்பட்டன. சேர்வதுபோல வந்து விலகின. எல்லாச் சுரத்தையும் சேர்த்து அசைக்கிற சாதாரண எல்.எஃப்.ஓ. வைத்திருந்தால் ஐந்தும் ஒரே அசைவில் தலையாட்டும். ராணுவ அணிவகுப்புதான் கேட்கும். குளம் கேட்டது இந்த முன்பின்னால்தான்.

டீ குடித்துவிட்டு முதலில் உள்ளே வந்தவர் மிருதங்க வித்வான். கதவருகிலேயே நின்று தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்.

"ஒண்ணு கண்டத்துல ஓடுது, ஒண்ணு மிஸ்ரத்துல ஓடுது. சமத்துக்கு எப்பப்பா வரும்?"

"வராது சார். அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

டேக் போனார்கள். திரையில் அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். ஹெட்ஃபோனில் புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. என் சுண்டுவிரல் மரத்துப்போனது. விரலை எடுத்தால் அந்தத் தவளை செத்துவிடும். மறுபடி அழுத்தினால் அது வேறு இடத்திலிருந்து கத்தத் தொடங்கும். ஷாட் முடிகிறவரை என் ஐந்து விரலும் அந்தக் குளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் இடது கையை முதல்முறையாக மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

லூப் ஏதோ ஜப்பான்காரர் கண்டுபிடிப்பு என்றுதான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் பூர்வீகம் பிற்பாடுதான் தெரியவந்தது. லண்டனில் இ.எம்.எஸ். என்ற கம்பெனி 1969-இல் செய்த வி.சி.எஸ். 3-இல் என்வலப்புக்கு நான்கு திருகு இருந்தது. அதில் ஒன்றின் பெயர் 'ஆஃப்'. சத்தம் அடங்கிய பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும் என்பதற்கான திருகு. அண்ணன் திண்டாடிச் செய்த மூச்சு வாங்கும் இடைவெளிக்கு அவர்கள் தனியாக ஒரு திருகே வைத்திருந்தார்கள்! அமெரிக்காவில் செர்ஜ் செரெப்னின் 1970-களில் செய்த கருவியில், ஏறி இறங்கி முடிந்ததும் வெளியே வருகிற துடிப்பை ஒரு வயரால் எடுத்து அதன் வாயிலேயே செருகிவிட்டால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஏறுவதும் இறங்குவதும் காதுக்குத் தனித்தனியாகத் தெரியாமல் கலந்து, அதுவே ஒரு சுரமாகிவிடும். எஃப்.எம். முறையே அப்படிப் பிறந்ததுதான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் ஒரு வைப்ராட்டோவை வேகமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அசைவு மறைந்து புதிய குரல் கேட்டது.

நம் ஊரிலேயே ஒரு மூக் சின்தசைஸர் இருந்ததும் எனக்கு அப்போது தெரியாது. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் அதை அமைத்துக்கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர் போன்றவர்கள் அதில் வேலை செய்திருக்கிறார்கள். அந்த டேப்புகள் அலமாரியில் கிடந்து இப்போதுதான் வெளிவந்திருக்கின்றன. தங்கை மகள்தான் போட்டுக் காட்டினாள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் நான் பேசவில்லை. வாயைப் பிளந்துகொண்டிருந்தேன் என்று அவள் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. அவள் லேப்டாப்பில் ஸீப்ரா என்ற மென்பொருள் வைத்திருக்கிறாள். அதில் என்வலப்பைத் திரையிலேயே வரையலாம், நிறையக் கட்டங்கள் சேர்க்கலாம், எங்கிருந்து எங்கே லூப் என்று குறிக்கலாம். அண்ணன் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆனால் அவள் எல்லாவற்றையும் டெம்போவோடு சிங்க் செய்துவிடுகிறாள். ஏறுவதும் இறங்குவதும் பீட்டுக்குப் பீட்டு கச்சிதமாக வந்து விழுகிறது.

"சிங்க் இல்லாம பீட்டோட எப்படி மாமா ஒட்டும்?"

அவள் செய்வது ஆட்டம் போடுகிற பாட்டு. அதற்கு அவள் சொல்வது சரி. ஆனாலும் ஒரு நாலு பாருக்குப் பிறகு அடுத்து என்ன வரும் என்று என் காதுக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறது. கருவி தானாக வாசிக்கிறது என்று அவள் சொன்னதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கட்டம் எவ்வளவு மெதுவாக ஊர வேண்டும் என்று உட்கார்ந்து முடிவுசெய்த ஆள்தான் வாசிக்கிறார். என்ன, முன்கூட்டியே வாசித்து வைத்துவிடுகிறார். இதை அவளிடம் சொன்னேன். "ஓகே மாமா" என்றாள். அந்த 'ஓகே'வுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தெரியும்.

அவள் ஊருக்குப் போன பிறகு இஸ்திரித் துணியையெல்லாம் கட்டிலுக்கு மாற்றிவிட்டு எஸ்.ஒய். 77-ஐ எழுப்பினேன். தவளை அதன் நினைவகத்தில் இல்லை, ஃபிளாப்பியும் படிக்கவில்லை. டைரி இருந்தது. எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். கேரியர் பக்கத்தில் மூன்றாவது வேகத்தின்மேல் டீக்கறை. 31-ஆக இருக்கலாம், 37-ஆகவும் இருக்கலாம். அந்த ஊர்கிற கட்டத்தின் எண் அதுதான்.

அண்ணன் இப்போது நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போன் போட்டு இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"எதுண்ணே நீங்க வெச்சது?"

"எனக்கு என்னடா ஞாபகம் இருக்கு? எது நல்லா இருக்கோ அதை வெச்சுக்கோ. ஆமா, ரெண்டாவது தடவை ஏன் விரலை எடுத்தே?"

37 வைத்திருக்கிறேன். 31-இல் தவளை கொஞ்சம் சோம்பேறியாக இருக்கிறது.